வரப்பில் நிற்கும் பைலட்

ட்ரோன் பயிற்சிக்குப் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் முதலில் கட்டணம் எவ்வளவு என்று கேட்பார்கள். அடுத்ததாக, முடித்தால் மாதம் எவ்வளவு வரும் என்று கேட்பார்கள். பையனுக்கு ஏற்கெனவே என்ன வேலை தெரியும் என்று நான் திருப்பிக் கேட்டால் சிலருக்கு முகம் மாறிவிடும். தட்டிக்கழிக்கிறேன் என்று நினைக்கிறார்கள். ஆனால் இந்தத் தொழிலில் ஒருவன் எவ்வளவு சம்பாதிப்பான் என்பதற்கு விடை அந்த மூன்றாவது கேள்வியில்தான் இருக்கிறது. ஓட்டிப் பிழைத்தவன், இப்போது ஓட்டக் கற்றுக்கொடுப்பவன் என்ற இரண்டு முறையிலும் எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

நான் சிவில் டிப்ளமோ படித்தவன். கொரடாச்சேரி, நீடாமங்கலம் பக்கம் டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியைத் தோளில் தூக்கிக்கொண்டு சாலை, வாய்க்கால், வீட்டுமனை என்று அளந்துகொண்டிருந்தேன். அப்போது எங்கள் பக்கத்தில் கல்யாண மண்டபத்துக்கு மேலே பறக்கும் கேமராவை ஹெலிகேம் என்பார்கள். தனியார் யாரும் அதைப் பறக்கவிடக் கூடாது என்று 2014 அக்டோபரிலேயே விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அறிவித்திருந்த சேதி, ஊர்ப்பக்கம் பலருக்குத் தெரியாது. 2018 டிசம்பரில் முதல் விதிமுறைகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றைப் பின்பற்றி ஒரு சாதாரண ஆள் தொழில் செய்வது கடினமாகவே இருந்தது. 2021 ஆகஸ்ட் 25 அன்று வெளியான ட்ரோன் விதிகள்தான் கதவைத் திறந்தன. படிவங்கள் குறைந்தன, கட்டணங்கள் குறைந்தன. 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்யத் தடை வந்தது. உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை என்பதால் இங்கேயே பூட்டி விற்கும் கம்பெனிகள் பெருகின. ஓட்ட ஆள் வேண்டும் என்று அவர்கள் தேடத் தொடங்கிய நேரத்தில் நான் பயிற்சியில் போய்ச் சேர்ந்தேன்.

சட்டப்படி வேண்டிய தகுதி அதிகம் இல்லை. பதினெட்டு வயது முடிந்திருக்க வேண்டும், அறுபத்தைந்தைத் தாண்டக் கூடாது, பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். இயக்குநரகம் அங்கீகரித்த பயிற்சி நிலையத்தில் பயிற்சி முடித்துத் தேர்வில் தேறினால் சான்றிதழ் கிடைக்கும். பத்தாண்டுகளுக்குச் செல்லும். முன்பு பாஸ்போர்ட் கேட்டார்கள். கிராமத்துப் பிள்ளைகள் பலர் அதிலேயே நின்றுவிட்டார்கள். 2023 செப்டம்பரில் விதியைத் திருத்தி, வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை, ஓட்டுநர் உரிமம் இவற்றில் ஒன்று இருந்தால் போதும் என்று ஆக்கிவிட்டார்கள். 250 கிராமுக்கு உட்பட்ட நானோ ட்ரோனுக்குச் சான்றிதழே வேண்டாம். இரண்டு கிலோ வரையுள்ள மைக்ரோ ட்ரோனைப் பொழுதுபோக்குக்கு ஓட்டவும் வேண்டாம். அதே ட்ரோனைக் காசு வாங்கிக்கொண்டு கல்யாணத்தில் ஓட்டினால் கட்டாயம் வேண்டும். இரண்டு கிலோவுக்கு மேல் இருபத்தைந்து கிலோ வரை உள்ளது சிறு வகை. வயலில் மருந்து அடிக்கும் ட்ரோன் பெரும்பாலும் இதில்தான் வரும். ஆகவே எங்களிடம் வருகிறவர்களில் அதிகம் பேர் இந்த வகைக்குத்தான் பயிற்சி எடுக்கிறார்கள்.

பயிற்சி பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். முதலில் வகுப்பு: விதிகள், எங்கே பறக்கலாம் என்று வான்வெளியைப் பிரிக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்கள், காற்று, வானிலை, பேட்டரி, அவசர நேரத்தில் செய்ய வேண்டியவை. பிறகு கணினியில் சிமுலேட்டர். அதன்பின் மைதானம். சிமுலேட்டரில் சின்னப் பிள்ளைகள் வெளுத்துக்கட்டுவார்கள். மைதானத்துக்கு வந்ததும் அதே பிள்ளைகளின் கட்டைவிரல் இறுகிப்போகும்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் விமானப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். ட்ரோனின் முகத்தை எங்கள் பக்கம் திருப்பி, ஜிபிஎஸ் உதவியை நிறுத்திவிட்டு, ஆள் உயரத்தில் ஒரே இடத்தில் நிறுத்தச் சொல்வார். முகம் நம் பக்கம் இருக்கும்போது நம் இடது அதற்கு வலது. ஜிபிஎஸ் இல்லாததால் காற்று தள்ளும் பக்கமெல்லாம் அது போகும். மூளை யோசித்து முடிப்பதற்குள் அது பத்தடி நகர்ந்திருக்கும். "ரிமோட்டப் பாக்காத தம்பி, மிஷினப் பாரு" என்பார். அந்தப் பயிற்சியை விரல் தானாகச் செய்யும்வரை அவர் எங்களை விடவில்லை. ஜிபிஎஸ் இருக்கும்வரை யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். புளியமரத்தடியிலோ உயர் மின்கோபுரத்தின் அருகிலோ அந்தத் துணை நழுவும் சில நொடிகளுக்காகத்தான் ஒரு பைலட்டுக்குச் சம்பளம். ஒரு பயிற்சி நிலையம் நல்லதா என்று அறிய நான் பார்ப்பது இதை மட்டும்தான்: ஒவ்வொரு மாணவன் கையிலும் ஸ்டிக் எவ்வளவு நேரம் இருக்கிறது, அதில் ஜிபிஎஸ் இல்லாமல் எவ்வளவு நேரம். குளிர்சாதன வகுப்பறையையும் சுவரில் மாட்டிய படங்களையும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

சான்றிதழோடு ஊருக்குத் திரும்பியபோது எனக்குக் கிடைத்த முதல் வேலை மருந்தடிப்பு. ஒரு ட்ரோன் கம்பெனிக்காக டெல்டாவில் சம்பாப் பயிருக்கு அடிக்க வேண்டும். இந்த வேலை எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு இருநூறு லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ட்ரோனில் பத்து லிட்டர். மருந்தின் அளவு அதேதான், தண்ணீர் இருபதில் ஒரு பங்கு. அதாவது டேங்கில் இருப்பது இருபது மடங்கு காட்டமான கரைசல். எந்த மருந்தை இப்படி அடிக்கலாம், எதை அடித்தால் இலை கருகும் என்று தெரியாதவன் அரை நாளில் ஒரு குடும்பத்தின் ஒரு போகத்தை அழித்துவிடுவான். இதற்காகவே மத்திய வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரில் ட்ரோன் தெளிப்புக்கு வழிமுறைகள் வெளியிட்டது. தூள் மருந்தை நேராக டேங்கில் கொட்டக் கூடாது. வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கரைத்து, துணியில் வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் நாசில் அடைத்துக்கொள்ளும். நான்கு நாசிலில் ஒன்று அடைத்தாலும் மேலேயிருந்து பார்க்கத் தெரியாது. பத்து நாள் கழித்து வயலில் நீளநீளமாகப் பூச்சி தின்ற பட்டைகள் தெரியும்போதுதான் தெரியும். கையுறையும் முகக்கவசமும் கலக்கும் ஆளுக்குக் கட்டாயம். ட்ரோனால் மருந்து நம் மேல் படாது என்பது பறக்கும் நேரத்துக்கு மட்டும் சரி. கலக்கும் நேரத்தில் கையில் இருப்பது இருபது மடங்கு காட்டம்.

ஒரு கார்த்திகை மாதம். மழை இரண்டு நாள் விட்டிருந்தது. நீடாமங்கலத்துக்குக் கிழக்கே ஒரு பெரியவர் கூப்பிட்டிருந்தார். ஆறு மா நிலம். எங்கள் பக்கம் இன்னும் மா கணக்குத்தான், மூன்று மா ஒரு ஏக்கர். பயிர் நடுவில் வட்ட வட்டமாகக் காய்ந்திருந்தது.

"தம்பி, பக்கத்து வயலெல்லாம் அடிச்சாச்சு. நீங்களும் ஒரே ஓட்டா ஓட்டிட்டுப் போயிடுங்க."

"பெரியப்பா, மொதல்ல வயல்ல எறங்கிப் பாத்துடலாம்."

சேற்றில் இறங்கி ஒரு குத்தைப் பிரித்துப் பார்த்தோம். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தூரில், பழுப்பு நிறத்தில் அப்பியிருந்தது. புகையான். அது இலையில் உட்காருவதில்லை, தூரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். மேலேயிருந்து வேகமாக ஓட்டிக்கொண்டு போனால் மருந்து இலை நுனியில் தங்கிவிடும், பூச்சி அப்படியே இருக்கும். இரண்டு நாள் கழித்து, ட்ரோன் மருந்து கேட்கவில்லை என்று ஊரெல்லாம் பேச்சாகிவிடும். எங்கள் அப்பா காலத்து விவசாயிகள் எட்டடிக்கு ஒரு அடி இடைவெளி, அதாவது பட்டம், விட்டு நடச் சொன்னது, உள்ளே காற்றும் வெளிச்சமும் புகவும் ஆள் நடந்து தூரில் அடிக்கவும்தான். அந்த வயலில் பட்டம் இருந்தது. தண்ணீரை வடியவிடச் சொன்னேன். மறுநாள் காலை காற்று எழும்புமுன் இறக்கைக் காற்று பயிரைப் பிளந்து உள்ளே தள்ளும்படி தாழ்வாக, மெதுவாக, வழக்கத்தைவிட அதிகத் தண்ணீரோடு அடித்தேன். நன்றாகக் காய்ந்த வட்டங்களைச் சுற்றி மட்டும் கைத்தெளிப்பானோடு ஆளை இறக்கச் சொன்னேன். எனக்கு அன்று வருமானம் குறைவு, நேரம் அதிகம். அடுத்த ஆண்டு அந்தத் தெருவில் யாரும் வேறு குழுவைக் கூப்பிடவில்லை.

இதை எந்தப் பயிற்சி நிலையமும் ஒரு வாரத்தில் சொல்லித்தர முடியாது. நெல்லின் தூரைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவன் ட்ரோன் ஓட்டினால் அவனுக்கு ஊரெங்கும் வேலை உண்டு. ஓட்ட மட்டும் தெரிந்தவன், கம்பெனி மேலாளர் போன் செய்தால்தான் பிழைக்க முடியும்.

வரப்பில் நிற்கும் இடமும் முக்கியம். காற்று போகும் கடைசிப் பக்கத்தில் தொடங்கிக் காற்றை எதிர்த்து நகர்ந்து வர வேண்டும். நாம் காற்று வரும் பக்கம் நிற்க வேண்டும். பக்கத்தில் மீன் குளம் இருந்தால் அந்த ஓரத்தில் அடிக்கவே கூடாது. தாளடியில் வாத்து மேய்ப்பவர்கள் இருந்தால் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். மின்கம்பியைவிட மின்கம்பத்தின் ஸ்டே கம்பி ஆபத்தானது. கம்பத்தைப் பார்க்கும் கண், அதிலிருந்து சரிந்து தரைக்கு வரும் ஒற்றைக் கம்பியைப் பார்க்காது. ஓட்டத் தொடங்குமுன் வயலை ஒரு முறை முழுக்கச் சுற்றி நடந்து வருவது என் வழக்கம், மாணவர்களுக்கும் அதைத்தான் முதலில் சொல்வேன். தஞ்சாவூர் விமானப் படைத் தளத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் வரைபடத்தில் மண்டலத்தைப் பார்க்காமல் பேட்டரியைச் சொருகவே கூடாது. மூன்று மீட்டர் உயரத்தில்தானே பறக்கிறது என்ற சமாதானம் அங்கே செல்லாது.

பேட்டரிதான் இந்தத் தொழிலின் கல்லாப்பெட்டி. ஒரு ஏக்கர் அடிக்க ஏழெட்டு நிமிடம் போதும். அதற்குள் பேட்டரி கிட்டத்தட்டத் தீர்ந்துவிடும். ஆகவே நாள் முழுக்க ஓட வேண்டுமானால் பல ஜோடி பேட்டரியும், வயலோரம் ஒரு ஜெனரேட்டரும், சார்ஜ் போட ஒரு ஆளும் வேண்டும். சூடாக இறங்கிய பேட்டரியை ஆறவிடாமல் சார்ஜில் போட்டால் சீக்கிரமே உப்பிக்கொள்ளும். உப்பியதைத் தூக்கி வைத்துவிட வேண்டியதுதான், பறக்கவிடக் கூடாது. சில வாரம் வேலை இல்லையென்றால் முழுச் சார்ஜிலும் வைக்கக் கூடாது, தீர்ந்தும் வைக்கக் கூடாது. செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைக்க வேண்டும். ஏக்கருக்கு 500, 600 ரூபாய் வாங்குகிறவன் அதில் பேட்டரித் தேய்மானத்தை எடுத்து வைக்காவிட்டால், இரண்டாவது பருவத்தில் பேட்டரி வாங்கக் கடன்தான். ட்ரோனுக்கு வங்கிக் கடனும் அரசு மானியமும் கிடைக்கும். பேட்டரி தேயும்போது அதை மாற்றும் பணம் நம் கையிலிருந்துதான் வர வேண்டும். சொந்தமாக ட்ரோன் வாங்க விரும்பும் பிள்ளைகளிடம் இந்தக் கணக்கை நோட்டில் எழுதச் சொல்கிறேன்.

மருந்தடிப்பு பருவத் தொழில். சம்பா, குறுவை, கோடைப் பருத்தி, அறுவடைக்குப் பிந்தைய உளுந்து என்று சேர்த்தாலும் இடையில் வெறும் மாதங்கள் வரும். அந்த மாதங்களில் எனக்குக் கைகொடுத்தது பழைய சர்வே படிப்பு. 2021 நவம்பரில் சுரங்க விதிகளைத் திருத்தி, ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்குக் குறையாமல் தோண்டுகிற அல்லது 50 ஹெக்டேருக்குக் குறையாத குத்தகைகள் ட்ரோன் அளவை எடுத்துத் தர வேண்டும் என்று ஆக்கினார்கள். அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலைகளுக்கான சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் இருப்பது தெரிந்ததே. அதே ஆண்டு தேசிய நெடுஞ்சாலை ஆணையமும் சாலைப் பணிகளை மாதாமாதம் ட்ரோனில் படமெடுக்கச் சொன்னது. கிராமக் குடியிருப்பு மனைகளை அளக்கும் மத்திய அரசின் ஸ்வாமித்வா திட்டம் 2020 ஏப்ரலிலேயே தொடங்கியிருந்தது. அளவைத் தெரிந்த பைலட் கிடைக்காமல் பல குழுக்கள் அலைந்தன.

சுரங்கத்தில் பறப்பது வயலில் பறப்பதைவிட எளிது, அதில் நம்பத்தகுந்த அளவு எடுப்பதுதான் கடினம். பள்ளத்தின் விளிம்பில் நின்று நூறு மீட்டர் உயரம் வைத்தால், குழியின் அடிக்கு அது நூற்றைம்பது மீட்டர் ஆகிவிடும். மேலே எடுத்த படத்தின் நுணுக்கம் அடியில் இருக்காது. நில ஏற்ற இறக்கத்தைப் பின்தொடரும்படி பாதை போட வேண்டும். தரையில் சுண்ணாம்பால் கூட்டல் குறி போட்டு, அவற்றை டிஜிபிஎஸ் கருவியில் அளந்து, படத்தை அவற்றோடு பிணைக்க வேண்டும். அந்தக் குறிகளை மேட்டில் மட்டும் போட்டுவிட்டு வருகிற பைலட்டுகளைப் பார்த்திருக்கிறேன். குழிக்குள் இறங்கி ஏற அலுப்பு. அந்த அலுப்பில் கன அளவில் வரும் பிழை ஆயிரக்கணக்கான டன்னாக வெளியே தெரியும். டோட்டல் ஸ்டேஷன் தூக்கிய தோளுக்கு இந்த நடை புதிதல்ல என்பதால் எனக்கு வேலை தொடர்ந்தது.

சூரிய மின் பூங்காக்களில் வெப்பக் கேமரா வேலை இன்னொரு துறை. ராமநாதபுரம் கமுதியில் 648 மெகாவாட் பூங்கா 2016-லேயே வந்துவிட்டது. நல்ல வெயிலில் பறந்து, பலகைகளில் சூடாகி நிற்கும் செல்களைக் கண்டுபிடிக்க வேண்டும். எலக்ட்ரிக்கல் படித்தவர்கள் இதற்குப் போகலாம். படத்தில் தெரியும் வெண்புள்ளி செல் கெட்டதா, பறவை எச்சமா, டயோடு போனதா என்று சொல்ல அவர்களால்தான் முடியும். காவல் துறையிலும் வேலை உருவாகியிருக்கிறது. சென்னைப் பெருநகரக் காவல் துறைக்குத் தனி ட்ரோன் பிரிவு இருக்கிறது. சினிமாவும் கல்யாணமும் இருக்கவே இருக்கின்றன. அவற்றில் ஒளியும் கோணமும் தெரிந்த கேமராமேனோடு சான்றிதழ் மட்டும் வைத்திருப்பவன் போட்டியிட முடியாது.

ஓட்ட விருப்பம் இல்லாதவர்களுக்கும் இடம் உண்டு என்பதை ஐடிஐ பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்வேன். மோட்டார் மாற்ற, மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி பற்றவைக்க, ட்ரோனின் ஒடிந்த கையைச் சரிசெய்து மறுபடி அளவுதிருத்தம் செய்ய ஆள் போதவில்லை. பருவம் உச்சத்தில் இருக்கும்போது கெட்டுப்போன ட்ரோன் சென்னைக்குப் போய்த் திரும்புவதற்குள் வயல் கை மீறிவிடும். மன்னார்குடியிலும் பேராவூரணியிலும் ஊருக்கொரு நல்ல ட்ரோன் மெக்கானிக் இருந்தால் அவர் கடையில் எப்போதும் கூட்டம்தான்.

தமிழ்நாட்டில் இந்தக் கல்விக்கு அடித்தளம் போட்டது குரோம்பேட்டை எம்ஐடி வளாகம். அங்கே வளர்ந்த தக்‌ஷா குழு 2018-இல் ஆஸ்திரேலியப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. 2022-இல் தமிழ்நாடு அரசு ஆளில்லா விமானங்களுக்கென்றே தனிக் கழகம் தொடங்கியது. 2023 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த திட்டத்தில் 15,000 மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் தர முடிவானது. விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் எட்டு லட்சம் ரூபாய் மானியம். குழுவில் ஒருவருக்குப் பதினைந்து நாள் பயிற்சி. அதில் ஐந்து நாள் ஓட்டுவதற்கு, பத்து நாள் மருந்துக்கும் உரத்துக்கும். இந்தப் பங்கீடு சரியாகச் சிந்தித்துச் செய்யப்பட்டது. மற்றப் பயிற்சிகளிலும் இதைப் பின்பற்றலாம்.

மகளிர் குழு உறுப்பினர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது எனக்கு மிகுந்த நம்பிக்கை வருகிறது. நடவும் களையும் எடுத்து வளர்ந்த ஒரு அக்கா, மூன்றாம் நாள் ஸ்டிக்கைப் பிடித்தபடியே, "தம்பி, அந்த மூலைப் பயிரு பச்சை தூக்கலா இருக்கு, யூரியா கூடிப்போச்சு, அங்கதான் மொதல்ல பூச்சி வரும்" என்றார். விரல் பழக அவருக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் நாள் தேவைப்பட்டது. பயிரைப் படிக்க அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இப்படிப்பட்டவர்களின் கையில் ட்ரோன் போய்ச் சேர்ந்தால் டெல்டாவில் தேவையற்ற மருந்தும் குறையும்.

மனத்தை வருத்துவது விளம்பரங்கள். 'சான்றிதழுடன் வேலை உறுதி, மாதம் லட்சம்' என்று எழுதி, நகையை அடகு வைத்த பணத்தை வாங்கிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கீகாரமே இல்லாத இடத்தில் படித்துவிட்டு, செல்லாத காகிதத்தோடு எங்களிடம் மறுபடி வந்த பிள்ளைகள் உண்டு. அங்கீகரிக்கப்பட்ட நிலையங்களின் பட்டியலை இயக்குநரகமே வெளியிடுகிறது. பணம் கட்டுமுன் அதில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். எந்த வகைக்கு, எந்த எடைப் பிரிவுக்குச் சான்றிதழ் தருவார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். ஒரு ஆளுக்கு எத்தனை நிமிடப் பறப்பு என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சம்பாப் பயிருக்கு ஐப்பசி, கார்த்திகையில் டெல்டா முழுக்க ட்ரோன் குழுக்கள் அலையும். தண்ணீர் தூக்க, மருந்து கலக்க, பேட்டரி மாற்ற அவர்களுக்கு எப்போதும் ஒரு ஆள் குறைவாகவே இருக்கும். ஏதாவது ஒரு குழுவோடு ஒரு பருவம் போய் வாருங்கள். கூலியும் கிடைக்கும். வெயிலும் சேறும் மருந்து வாடையும் உங்களுக்கு ஒத்துவருகிறதா என்பதும் தெரிந்துவிடும். ஒத்துவந்தால் தை பிறந்ததும் பயிற்சிக்குப் பணம் கட்டுங்கள்.